இரண்டு பேர் இருக்கும் படம்

“இதுல நீ எங்கடி?”

அம்மா என்னிடம் இப்படிக் கேட்டாள்.

அவள் கையில் ஒரு புகைப்படம் இருந்தது. எங்கள் தெருமுனை ஸ்டூடியோக்காரர் கொண்டுவந்து கொடுத்த படம். சூரியன் இறங்கும் நேரத்துத் தடுப்பணை. படிபடியாக விழும் தண்ணீர், தண்ணீர் போலவே இல்லை. செம்பு நிறச் சாயத்தில் முக்கிய பஞ்சை யாரோ உதறி விரித்த மாதிரி இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு தட்டைப் பாறை. பாறையின் மேல் ஆடாதக்கா நின்றாள். தனியாக. அவளுக்கு வலது பக்கத்தில் இன்னோர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

அந்த இடத்தில்தான் நான் நின்றேன். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். படம் வந்ததும் சட்டம் போட்டு மாட்டலாம் என்று அம்மா சுவரில் ஆணிகூட அடித்து வைத்திருந்தாள்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

ஆடாதக்கா என்பது ஊர் வைத்த பெயர். எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். “மூச்சை இழுத்துப் புடிங்க… ஆடாதீங்க… ம், விடலாம்.” இதை ஒரு நாளைக்கு எழுபது, எண்பது தடவை சொல்வாள். வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்களுக்கு அவள் முகம் தெரியாது. கதவுக்குப் பின்னாலிருந்து இந்தக் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். பதினொரு வருஷம் கேட்டால் ஊர் பெயர் வைக்காமல் விடுமா?

நான் அவளை முதலில் பார்த்தது ஒன்பதாம் வகுப்பில். சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது.

“கைய இப்படி வை. விரலை விரி. ஆடாத.”

“ஆடலக்கா.”

“ஆடலக்கான்னு சொல்றப்பவே ஆடுது.”

அவள் சுவருக்குப் பின்னால் போய், சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அதற்குள் நான் மேலே தொங்கிய இயந்திரத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கிவிட்டேன். தலையோடு கையும் நகர்ந்துவிட்டது. திரும்பி வந்தாள். கையைச் சரியாக வைத்தாள். மறுபடியும் போனாள். இந்த முறை எனக்கு மூக்கு அரித்தது. மூன்றாவது முறைதான் படம் விழுந்தது.

“உன்ன எடுக்கறதுக்கு ஓடுற பஸ்ஸ எடுத்துடலாம்” என்றாள். “வீட்ல உனக்கு என்ன பேரு வெச்சாங்களோ, எனக்கு நீ பம்பரம்தான்.”

எலும்பு உடையவில்லை. பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

அதற்கடுத்த வருஷம் எங்கள் மாடி அறைக்கு அவளே குடிவந்தாள். ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒற்றைக் கட்டில், ஒரு பர்னர் அடுப்பு. சொந்தக்காரர்கள் என்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ஓர் அண்ணன் இருப்பதாகவும், அவர் வெளிநாட்டில் இருப்பதாகவும் ஒரு தடவை சொன்னாள். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவளை ஆடாதக்காவும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“நான் அவளுக்கு அக்கான்னா, அவ உனக்குச் சித்திடி” என்பாள் அம்மா.

“ஊருக்கே அக்கா. எனக்கு மட்டும் எதுக்குச் சித்தி?” என்பேன்.

ஆடாதக்கா சிரிப்பாள். சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வேலையிலிருந்து வருவாள். செருப்பை மாற்றுவாள். முகம் கழுவுவாள். ஒரு தோளில் கேமராப் பை, இன்னொரு தோளில் ட்ரைபாட் என்று கிளம்பிவிடுவாள். ஊருக்கு வடக்கே பத்து நிமிஷ நடையில் தடுப்பணை. மழை நாட்களைத் தவிர ஒரு நாளும் தவறியதில்லை.

“ஆஸ்பத்திரியிலயும் படம், வீட்டுக்கு வந்தும் படமா? கண்ணு பூத்துப் போகாதா?” என்று அம்மா கேட்டாள்.

“அங்க எடுக்கிறது ஆடாத படம்க்கா. இது ஆடுற படம்.”

அவள் படமெடுக்கும் விதத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் போனில் ஒரு படம் எடுத்தால் கேமராவின் கண் ஒரு சிமிட்டுக்குத்தான் திறக்கிறது. அதனால் விழுகிற தண்ணீர்கூட அந்தரத்தில் உறைந்து நிற்கும். அவள் அந்தக் கண்ணை எட்டு விநாடி திறந்தே வைப்பாள். அந்த எட்டு விநாடியில் தண்ணீர் போன வழியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கடைசியில் புகை போல, பட்டு போல ஆகிவிடும். வெளிச்சம் அதிகமாக இருந்தால் படம் வெளுத்துப் போகும். அதனால் லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டுவாள். சூரியன் தண்ணீரைத் தொடுகிற மாதிரி இறங்கும்போது ஒரு பத்து நிமிஷம் கிடைக்கும். அதற்கு முன்னால் என்றால் கண் கூசும். அதற்குப் பின்னால் தண்ணீர் வெறும் கறுப்பு.

எடுத்த படங்களில் பிடித்ததை மட்டும் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, பழைய எக்ஸ்ரே உறைகளில் மாதவாரியாக வைத்திருந்தாள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நாள், மணி, விநாடி. பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஒருநாள் கட்டில் முழுக்க அவற்றைப் பரப்பிப் பார்த்தோம்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்குக்கா” என்றேன்.

“எக்ஸ்ரேயும் பார்க்கறவங்களுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.” ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். “இதுல எத்தனை பேர் இருக்காங்க சொல்லு.”

“யாருமே இல்லையே.”

“படி மேல ஒரு சைக்கிள்காரர் சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போனார். அவர் பின்னால ஒரு நாய். இந்தப் பக்கம் ரெண்டு பொம்பளைங்க பேசிக்கிட்டே நடந்தாங்க. எல்லாரும் நான் கண்ணத் திறந்து வெச்சிருந்தப்போ போனவங்கதான்.”

“எங்க போனாங்க?”

“நடந்தாங்க. அதான் போயிட்டாங்க. இதுல நின்னவங்க மட்டும்தான் விழுவாங்க.”

இன்னொரு படத்தில் தண்ணீரின் ஓரத்தில் ஒரு கொக்கு நின்றது. அத்தனை புகைக்கு நடுவில் அலகின் நுனி வரைக்கும் துல்லியம்.

“ஒன்பது வருஷத்துல எனக்காக எட்டு விநாடி நின்ன ஒரே ஆள் இவர்தான்” என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் தோளைக் குலுக்கினாள்.

நான் பள்ளிக்கூடத்தை முடித்த வருஷம் அவளுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வேறு ஊர், வேறு மருத்துவமனை. பதினெட்டாம் தேதி காலையில் பஸ். மருத்துவமனையில் வழியனுப்பும்போது தகவல் பலகையில் ஒட்டுவதற்கு, கூட வேலை பார்த்தவர்களோடு எடுத்த படம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். அவளிடம் அப்படி ஒன்றுமே இல்லை. அவர்களிடமும் இல்லை. ஆண்டுதோறும் எடுத்த குழுப் படத்தையெல்லாம் எடுத்ததே அவள்தான். கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டினார்களாம்.

அதை அவள் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாள். கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

“இந்த ஊர்ல பாதிப் பேரோட எலும்பு எனக்குத் தெரியும் பம்பரம். காய்கறி வாங்கப் போனா, அதோ இடது கணுக்கால் வருது, இதோ மூணாவது விலா எலும்பு போகுதுன்னு மனசுக்குள்ள ஓடும். ஆனா என்கூட நின்னு ஒரு படம் எடுத்துக்கிட்டவங்க ஒருத்தர்கூட இல்ல.”

“அவ்வளவுதானே?” என்று நான் போனை எடுத்தேன். “வாங்கக்கா, செல்ஃபி.”

“அது வேண்டாம். அது எடுத்த உடனே நீ ஓடிருவே.” ஆறிய தேநீரைப் படியில் வைத்துவிட்டுச் சொன்னாள். “தடுப்பணையில, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். நான் நிக்கணும். பக்கத்துல ஒருத்தர் நிக்கணும். எட்டு விநாடி. போறதுக்குள்ள அந்த ஒரு படம் வேணும்.”

முதலில் அவள் என்னைக் கேட்கவில்லை. கூட வேலை பார்க்கும் நர்ஸைத்தான் கேட்டாள். அந்த நர்ஸ் வருகிறேன் என்று இரண்டு நாள் சொன்னாள். இரண்டு நாளும் பணி நேரம் மாறிவிட்டது. ஸ்டூடியோக்காரரைக் கேட்டாள். “நான் எடுக்கிறவன்மா, நிக்கிறவன் இல்ல” என்று அவர் கும்பிடு போட்டுவிட்டார். பதினெட்டாம் தேதி காலையோடு மேலே உள்ள அணையின் மதகை அடைத்துவிடுவார்கள் என்று பாசன அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பதினேழாம் தேதி சாயங்காலம்தான் தண்ணீருக்கும் கடைசி, அவளுக்கும் கடைசி.

பதினாறாம் தேதி ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள்.

“நாளைக்கு வருவியா?”

“வரேன்க்கா.”

“ஆடாம நிக்கணும்.”

“எட்டு விநாடி நிக்க முடியாதா எனக்கு? நான் என்ன சின்னப் பிள்ளையா?”

உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்: “அவளுக்குச் சட்டைக்கு அளவெடுக்கறதுக்குள்ள எனக்கு அரை நாள் போகும். நீ வேற ஆளப் பாரும்மா.”

வேறு ஆள் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் ஒரு பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, சேர்க்கைப் பட்டியலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பட்டியல் இன்று வரும், நாளை வரும் என்று மூன்று வாரம் ஆகியிருந்தது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள் மாதிரி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சாப்பிடும்போதும் போன் மடியில்தான். அந்த வீட்டை விட்டு, அந்தத் தெருவை விட்டு எங்கேயாவது போய்விட வேண்டும். எனக்கு இருந்த நினைப்பெல்லாம் அது ஒன்றுதான். போகிறவளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. போகப்போகிற என்னைப் பற்றித்தான் நினைத்தேன்.

பதினேழாம் தேதி அம்மா புதிதாகத் தைத்துக் கொடுத்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். ஆடாதக்கா சாம்பல் நிறத்தில் உடுத்தியிருந்தாள். தலையை இரண்டு தடவை வாரியிருப்பாள் போலிருக்கிறது, ஒரு முடிகூடப் பறக்கவில்லை.

தடுப்பணையில் தண்ணீர் இரைச்சல் பெரிது. பக்கத்தில் நின்று பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். அவள் ட்ரைபாடை ஊன்றி, அது அசையாமலிருக்கக் கற்கள் போட்ட பையை அதன் நடுவில் தொங்கவிட்டாள். பாறையில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு.

“கேட்டுக்கோ. நான் பட்டனை அமுக்குவேன். முன்னால ஒரு சிவப்பு விளக்கு மின்னும். பத்து விநாடி. அதுக்குள்ள நான் ஓடி வந்து உன் பக்கத்துல நின்னுடுவேன். விளக்கு எப்போ அணையுதோ அப்போ கண்ணு திறந்திருச்சுன்னு அர்த்தம். அதுலேர்ந்து எட்டு எண்ணு. எண்ணி முடிக்கிற வரைக்கும் சிலை மாதிரி நில்லு.”

“முடிஞ்சதும் சத்தம் வராதா?”

“வரும். இந்த இரைச்சல்ல உனக்குக் கேக்காது. அதான் எண்ணச் சொல்றேன்.”

“ஆஸ்பத்திரியில சிவப்பு விளக்கு எரிஞ்சா படம் எடுக்கறீங்கன்னு அர்த்தம். இங்க அணைஞ்சாவா?”

“அங்க விளக்கு எரிஞ்சா யாரும் கூட நிக்கக் கூடாது. இங்க அப்படி இல்ல.”

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே அறையில் படம் எடுக்கிற அந்த நொடியில் நோயாளியைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. அம்மா பிள்ளையை விட்டுவிட்டு வெளியே வர வேண்டும். ஆடாதக்கா சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். பதினொரு வருஷமாக ஒரு நாளைக்கு எண்பது தடவை ஓர் ஆளைத் தனியே விட்டுவிட்டு, தானும் தனியே நிற்கிறவள் அவள். இதெல்லாம் இப்போது எழுதும்போதுதான் எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சூரியன் இறங்கியது. தண்ணீரின் முதல் படி மஞ்சளாகி, இரண்டாவது படி சிவந்து, கீழே கருநீலமாக ஓடியது. போனை ஓரத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு என் கோட்டில் போய் நின்றேன். அக்கா கேமராவைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் பார்த்தாள். பட்டனை அமுக்கிவிட்டு ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்க என் பக்கத்தில் நின்று, தயங்கித் தயங்கி, என் தோளுக்குக் கொஞ்சம் பின்னால் தன் கையைக் கொண்டுவந்தாள். கை தோளைத் தொட்டதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

விளக்கு மின்னியது. அணைந்தது.

ஒண்ணுரெண்டுமூணு என்று எண்ணினேன். என் எண்ணிக்கையே அப்படித்தான். கண்ணாமூச்சியில் நூறு எண்ணச் சொன்னால் நான் எண்ணி முடிக்கும்போது யாரும் ஒளிந்திருக்க மாட்டார்கள். நாலில் கல்லின் மேல் போன் அதிர ஆரம்பித்தது. கண் அந்தப் பக்கம் போனது. அஞ்சுஆறுஏழுஎட்டு.

பாய்ந்து போய் போனை எடுத்தேன். என் தோழிதான். “உன் பேரு வந்திருச்சுடி! லிஸ்ட்ல உன் பேரு இருக்குடி!” தண்ணீர் இரைச்சலுக்கு மேல் அவள் கத்தினாள். நானும் கத்தினேன். கத்திக்கொண்டே திரும்பினேன்.

ஆடாதக்கா இன்னும் பாறை மேலேயே நின்றுகொண்டிருந்தாள். நேராக, கேமராவைப் பார்த்தபடி. ஒரு கை மட்டும் பக்கவாட்டில் லேசாக உயர்ந்திருந்தது. போஸ் கொடுத்துப் பழக்கமில்லை, அதனால் முடிந்தது தெரியாமல் நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன். உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது.

பிறகு அவள் மெதுவாக நடந்து போய்க் கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“வந்திருச்சாக்கா?”

“வந்திருச்சு.”

“நல்லா வந்திருக்கா?”

“நல்லா வந்திருக்கு.” திரையை அணைத்தாள். “உனக்கு என்ன விசேஷம்? இப்படிக் குதிக்கிற?”

சொன்னேன். அவள் இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். “அப்பாடா. பம்பரத்துக்குச் சுத்த இடம் கெடச்சிருச்சு.” அப்போது சூரியன் முழுதாக மறையவில்லை. இன்னொரு படம் எடுக்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. நிச்சயமாக இருந்தது.

“நான் முன்னாடி ஓடட்டுமாக்கா? அம்மாகிட்ட சொல்லணும்.”

“ஓடு, ஓடு. நான் இதெல்லாம் கட்டிட்டு வரேன்.”

ஓடினேன். கரையில் ஏறி ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவள் ட்ரைபாடை மடக்கவில்லை. அதன் பக்கத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எங்கள் வீடு ஒரே கூட்டம். என் பெயர் வந்த செய்தி கேட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்திருந்தார்கள். ஆடாதக்கா இரண்டு பெட்டியோடு இறங்கி வந்தாள். சாவியை அம்மாவிடம் கொடுத்தாள். போகிற வழியில் ஸ்டூடியோவில் படத்தைக் கொடுத்துவிட்டுப் போவதாகவும், அவர் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து தருவார் என்றும் சொன்னாள். நான் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் ஆட்டோ நகர்ந்துவிட்டது.

அன்று மத்தியானம்தான் தெரிந்தது, என் பெயர் இருந்தது காத்திருப்போர் பட்டியல் என்று. நாற்பத்தோராவது பெயர். அந்தப் பட்டியல் ஒன்பதோடு நின்றுவிட்டது. அதை நம்பி மூன்று வாரம் ஓடியது. மாடி அறை பூட்டிக் கிடந்தது. சாயங்காலம் ஐந்தரைக்குச் செருப்புச் சத்தம் கேட்காதபோது எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனாலும் நான் போன் பண்ணவில்லை. இடம் கிடைத்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த மூன்றாவது வாரக் கடைசியில்தான் ஸ்டூடியோக்காரர் படத்தோடு வந்தார். அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

“லேட்டுக்கு மன்னிச்சுக்கோங்கம்மா” என்றார் அவர். “ஆடின படத்த நான் பிரிண்ட் போடறதில்ல. அவங்க தண்ணிப் படம்னா தெரியும், போட்டுருவேன். இதுல ஆளும் இருக்கு, பக்கத்துல என்னமோ கறையும் இருக்கு. தப்பா வந்திருச்சோன்னு அவங்களுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், கெடைக்கல. அப்புறம் நானே கறையத் துடைச்சுச் சுத்தம் பண்ணிட்டேன். இப்போ பாருங்க, எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு.”

“கறையா?” என்றேன்.

“ஆமாம்மா. மஞ்சளா, புகையாட்டம். எனக்கு ஒண்ணுதான் புரியல. சீட்டுல அவங்க வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்காங்க.”

சட்டைப் பையிலிருந்து ஸ்டூடியோச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் கையெழுத்து. எக்ஸ்ரே உறையில் எழுதுகிற அதே நிமிர்ந்த எழுத்து.

‘நானும் பம்பரமும். இரண்டு பேர் படம். ஒரு பிரதி. எட்டு விநாடி.’

“ரெண்டு பேர்னு இருக்கு. எண்ணிப் பார்த்தா ஒருத்தர்தான்” என்றார் அவர்.

நான் செருப்புக்கூடப் போடாமல் அவரோடு ஸ்டூடியோவுக்குப் போனேன். அம்மாவும் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் வந்தாள். அவர் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்வதற்கு முந்தைய படத்தைத் திறந்தார்.

அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கறை. உற்றுப் பார்த்தால் தோள் மாதிரி ஒன்று. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை, போன் வைத்த பக்கமாக இழுபட்ட ஒரு கோடுதான். அதன் ஊடே தண்ணீர் தெரிந்தது. கறைக்குப் பின்னால் ஆடாதக்காவின் கை, ஒன்றுமில்லாத ஒரு தோளைத் தாங்கியபடி, விரல் நகம் வரைக்கும் துல்லியமாக நின்றது.

அம்மா திரையை விரலால் தொட்டாள். “இந்த மஞ்சள் நான் தைச்சதுதான்” என்றாள்.

“எவ்வளவு நேரம் நின்னா இந்த அளவுக்கு விழும்?” என்று கேட்டேன்.

ஸ்டூடியோக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ரெண்டு விநாடி. போனாப் போகுது, மூணுன்னு வெச்சுக்கலாம்.”

என்னுடைய எட்டு, மற்றவர்களின் மூன்று. மீதி ஐந்து விநாடி அவள் பக்கத்தில் யாரும் இல்லை. நான் போய்விட்டேன் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும். அவளும் நகர்ந்திருந்தால் அந்தப் படத்தில் யாருமே இருந்திருக்க மாட்டார்கள். அவள் நகரவில்லை. திரையில் பார்த்த பிறகும், வெளிச்சம் இருந்தும், “இன்னொரு தடவை நில்லு” என்று கேட்கவில்லை. எக்ஸ்ரே அறையில் மூன்று தடவை என்னை நிறுத்திவைத்தவள் அங்கே ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மூன்று விநாடிக் கறையை ஓர் ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு ‘இரண்டு பேர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்றே போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவள் மாற்றலாகிப் போன மருத்துவமனைக்குக் கேட்டேன். “இங்க பத்து நாள்தான் இருந்தாங்க. வேற இடத்துல ஆள் இல்லன்னு அனுப்பிட்டாங்க” என்றார்கள். எந்த இடம் என்று கேட்டால், அது வேறு பிரிவு என்றார்கள். அந்தப் பிரிவுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

மதகு அடைத்துவிட்டதால் தடுப்பணையில் இப்போது தண்ணீர் இல்லை. படிகள் வெளுத்துக் கிடக்கின்றன. மழையில் சுண்ணாம்புக் கோடுகள் போய்விட்டன, ஆனால் இடம் எனக்குத் தெரியும். சில சாயங்காலங்களில் கைக்கடிகாரத்தோடு போய் என் இடத்தில் நிற்கிறேன். முள்ளைப் பார்த்து எட்டு எண்ணுகிறேன். எட்டு விநாடி பெரிய நேரம்தான். பக்கத்தில் ஆள் இல்லாமல் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. வீட்டுச் சுவரில் சுத்தம் செய்யாத படத்தைத்தான் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் கறையைக் காட்டிக் கேட்டால், “அது என் பொண்ணு” என்கிறாள் அம்மா.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ எக்ஸ்ரே எடுக்க வேண்டி வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். “மூச்சை இழுத்துப் புடிங்க, ஆடாதீங்க” என்று சொல்கிறவர்கள் நிறைய இருப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு சின்ன “ம்” சொல்லி, “விடலாம்” என்று முடிக்கிற குரல் கேட்டால், கதவுக்குப் பின்னால் ஒரு ட்ரைபாட் சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தக் கதையை அவளிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற ஊர்க்காரர் யாருக்காவது கொடுங்கள், அவர் அடுத்தவருக்குக் கொடுக்கட்டும். பம்பரம் இப்போது சரியாக எட்டு எண்ணுகிறாள், எந்த ஊர் என்று சொன்னால் வந்து நிற்பாள் என்று, கை மாறிக் கை மாறியாவது அவளிடம் போய்ச் சேரட்டும்.